கொல்லைப்புறத்துக்கு யார் யார் வருகிறார்கள்? வீட்டுத் தோட்டத்தில் உயிரினங்களைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு முருங்கை, மதிலோரம் நாலு செம்பருத்தி, குழாயடியில் கொஞ்சம் ஈரம். தமிழ்நாட்டுச் சமவெளியில் இருக்கும் வீட்டுக்கு இவ்வளவுதான் தோட்டம் என்றாலும், அங்கே வந்துபோகும் உயிர்களைத் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் பற்றாது. காக்கை, மைனா, அணில் தவிர வேறெதையும் பெயர் சொல்லத் தெரியாதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஆர்வம் வந்ததும் பலர் கேமரா வாங்குகிறார்கள், செடிகளுக்கு நடுவே ரெண்டு நாள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், அப்புறம் "எங்க வீட்டுக்கு ஒண்ணும் வர்றதில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஓர் உயிரினம் நம் கண்ணில் படுவது கடைசியில்தான். அதற்கு முன்பே அதன் சத்தம் கேட்கும், அது கடித்த இலை தெரியும், எச்சம் கிடக்கும். இவற்றைப் படிக்கப் பழகிவிட்டால் ஆளும் தானாகக் கண்ணில் படும்.

முதலில் ஓர் இடம் பிடியுங்கள்

தோட்டம் முழுவதும் நடக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருக்கும்படி ஒரு நாற்காலி போடுங்கள். நமக்குப் பின்னால் மறைப்பு இருந்தால் நம் உருவம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. வெளிர்நிறச் சட்டையை விடப் பச்சை, பழுப்பு, சாம்பல் நிறங்கள் நல்லது. உட்கார்ந்த முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது. நாம் வந்த சலசலப்பில் ஒளிந்தவை திரும்பி வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலானவர்கள் எழுந்து போவதும் அந்தப் பத்தாவது நிமிடத்தில்தான். அரை மணி நேரம் உட்காருங்கள்.

காலையில் விடிந்ததிலிருந்து எட்டு மணிக்குள், மாலையில் நாலரைக்கு மேல் என்றால் பறவைகளுக்கு நல்ல நேரம். வண்ணத்துப்பூச்சிக்கும் தட்டானுக்கும் வெயில் வேண்டும், அதனால் ஒன்பது மணிக்கு மேல் பாருங்கள். நடுப்பகல் ஓணானுக்கும் அரணைக்கும் உரியது. தினமும் உட்கார முடியாவிட்டாலும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்காருவது முக்கியம். அப்போதுதான் வழக்கமாக நடப்பது எது, புதிதாக நடப்பது எது என்று பிரிக்க முடியும்.

ஒரு நோட்டும் பேனாவும் போதும். சில மாதம் கழித்தும் ஆர்வம் குறையாமல் இருந்தால் பைனாகுலர் வாங்கலாம். 8x42 என்று போட்டிருப்பது புதியவர்களுக்குப் பொருத்தம்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கை நடுக்கம் அதிகம் தெரியாது. பத்து, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட வேண்டாம். கொல்லைப்புற தூரத்தில் அவை கண்ணுக்கு வேதனைதான்.

கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குங்கள்

எந்தச் செடியில் முதலில் பார்ப்பது என்று கேட்டால் யோசிக்காமல் கறிவேப்பிலை என்பேன். எலுமிச்சை, நாரத்தை இருந்தாலும் சரி, எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு அழகான வண்ணத்துப்பூச்சிகள், எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும், முட்டையிடத் தேடி வருவது இந்தச் செடிகளைத்தான். ஒரு வண்ணத்துப்பூச்சி பூவே இல்லாத கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, தளிரைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தால் அது முட்டையிடுகிறது. எங்கே உட்கார்ந்தது என்று கவனித்துவிட்டு, அது போனதும் அந்தத் தளிரைப் பாருங்கள். கடுகை விடச் சின்னதாக, வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும்.

சில நாளில் வெளிவரும் புழுவைத் தேடும்போது பலர் ஏமாந்து போகிறார்கள். இலைமேல் பறவை எச்சம் கிடப்பதாக நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். பழுப்பும் வெள்ளையும் கலந்து, பளபளப்பாக, அப்படியே எச்சம் போலவே இருக்கும். பறவையும் நம்மைப் போலவே ஏமாறுவதால்தான் அது பிழைக்கிறது. கடைசித் தோலுரிப்புக்குப் பின் புழு இலைப்பச்சைக்கு மாறிவிடும். அப்போது ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல இரண்டு கொம்பு நீளும், காரமான வாடை அடிக்கும். எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கான ஏற்பாடு அது. ஒருமுறை பார்த்தால் போதும், விளையாட்டாகத் திரும்பத் திரும்பத் தொடாதீர்கள்.

பிறகு புழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இடம் தேடி அலையும். தண்டில் வாலை ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் கட்டிச் சாய்ந்து தொங்கிக் கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருப்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். முட்டையிலிருந்து சிறகு வரை மூன்று, நான்கு வாரம். தினமும் ஒருமுறை போய்ப் பார்த்தாலே முழுக் கதையும் உங்கள் கண்முன் நடக்கும். பல புழுக்கள் நடுவிலேயே காணாமல் போகும். தையல்சிட்டு தன் குஞ்சுக்குக் கொண்டுபோயிருக்கும், அல்லது சின்னக் குளவி ஒன்று அதன் உடலுக்குள் முட்டையிட்டிருக்கும். அதுவும் நீங்கள் பார்க்க வேண்டியதுதான். மிஞ்சிய சிலவற்றுக்காக ரெண்டு கிளை கறிவேப்பிலையை விட்டுக்கொடுங்கள், மருந்து அடிக்காதீர்கள். குழம்புக்குக் குறையாது.

பறந்து போகும் பூச்சிகளைப் பிரிப்பது இப்படி: மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்டது போலிருந்து, பின்சிறகில் வால் இல்லாவிட்டால் எலுமிச்சை அழகி. கறுப்பு உடம்பு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை, சிறிய வால் என்றால் கறிவேப்பிலை அழகியின் ஆண். பெண்ணில் ஒரு வகை வேறு ஒரு வண்ணத்துப்பூச்சியைப் போல வேஷம் கட்டும். ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் ரோஜா அழகியின் உடம்பில் நஞ்சு இருப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அந்தச் சிவப்புப் புள்ளிகளைத் தானும் போட்டுக்கொண்டு கறிவேப்பிலை அழகியின் பெண் தப்பிக்கிறது. உடம்பைப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி, கறுப்பாக இருந்தால் வேஷக்காரி.

கறிவேப்பிலை பழகிவிட்டால் எருக்குக்குப் போங்கள், அங்கே வெந்தய வரியனின் கோடு போட்ட புழு இருக்கும். அரளியின் இலைக்கடியில் வெள்ளித்தகடு போல மின்னும் கூட்டுப்புழு தொங்கும். நந்தியாவட்டை இலைகள் திடீரென்று மொட்டையானால் விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று இருக்கும். முன்பக்கம் இரண்டு நீலக் கண் போன்ற புள்ளிகளைக் காட்டி மிரட்டும். கடிக்காது. பின்னாளில் பச்சையும் இளஞ்சிவப்பும் குழைந்த பெரிய அந்துப்பூச்சியாக அது மாறும்.

காதைப் பழக்குங்கள்

அடுத்தது சத்தம். எல்லாக் குரலையும் ஒரே வாரத்தில் படிக்க முயலாதீர்கள். வாரம் ஒரு குரல் போதும்.

உலோகத்தில் சுத்தியலால் சீராகத் தட்டுவது போல "டுக், டுக், டுக்" என்று நிற்காமல் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். குருவியை விடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை. ஆல், அரச மரங்களின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். அடித்தொண்டையிலிருந்து "ஊப், ஊப், ஊப்" என்று தாழ்ந்து வருவது செம்போத்து. கட்டைவிரல் அளவுப் பறவையிடமிருந்து இவ்வளவு பெரிய சத்தமா என்று திகைக்க வைப்பது தையல்சிட்டு. "டுவீக், டுவீக்" என்று புதருக்குள்ளிருந்து விடாமல் கத்தும். குயிலின் கூவல் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கூவுவது கருப்பான ஆண் என்பதும், பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு பார்க்க வேறு பறவை போல இருக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மாசி கடைசியிலிருந்து ஆடி வரை காக்கை ஒன்று பறவை ஒன்றைத் துரத்திக்கொண்டு போனால் நிமிர்ந்து பாருங்கள். காக்கைக் கூட்டில் முட்டையிட வந்த குயிலாக இருக்கலாம்.

இதையெல்லாம் விடப் பயன் தருவது எச்சரிக்கைக் குரல். அணில் ஒரே இடத்தில் நின்று, வாலை வெட்டி வெட்டி, நிறுத்தாமல் "கீச், கீச்" என்று கத்தினால் சும்மா கத்தவில்லை. கீழே பூனையோ கீரியோ பாம்போ இருக்கும், மேலே வல்லூறு இருக்கும். அது எங்கே பார்த்துக் கத்துகிறதோ அந்தப் பக்கம் பாருங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் முழுவதும் ஒரு புதரைச் சுற்றி ஆவேசமாகக் கத்தினாலும் அப்படித்தான். பகலில் மரப்பொந்து வாசலில் தூங்கும் புள்ளி ஆந்தையை முதன்முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இப்படி ஒரு கூச்சல்தான். புதியவர்களுக்கு நான் ஒரே ஒரு நுணுக்கம் மட்டும் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மெர்லின் போன்ற செயலிகள் பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கின்றன, உதவியாகவும் இருக்கின்றன. ஆனால் அது பெயர் சொன்னதோடு நிறுத்தாமல் பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் எழுதுங்கள். கரிச்சான் மற்ற பறவைகள் போலக் குரல் கொடுக்கும், செயலியும் ஏமாறும்.

பெயர் தெரியாத பறவை வந்தால்

உடனே நிறத்தைப் பார்க்கிறோம், அது அவ்வளவாக உதவாது. முதலில் அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அப்புறம் அலகு: தடிப்பா, ஊசியா, வளைந்ததா? மூன்றாவது, என்ன செய்தது என்பது. தரையில் குத்திக் குத்தி நடந்ததா, கிளையிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பியதா, தண்டில் ஏறியதா, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டியதா? வளைந்த அலகோடு செம்பருத்தியில் தொங்கினால் தேன்சிட்டு. வாலைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஓடும் கருப்பு வெள்ளைப் பறவை குண்டுக்கரிச்சான். மின்கம்பியில் உட்கார்ந்து பாய்ந்து பாய்ந்து வருவது கரிச்சான். இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிவிட்டுப் பறவைக் கையேட்டைத் திறந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

தடயங்கள்

காலையில் வாசல் பெருக்குமுன் ஒரு நிமிடம் தரையைப் பாருங்கள். பாதாம் மரமே இல்லாத வீட்டில் சுரண்டித் தின்ற நாட்டுப் பாதாம் கொட்டைகள் கிடந்தால் பழந்தின்னி வௌவால் எங்கிருந்தோ பழத்தைத் தூக்கி வந்து உங்கள் மரத்தில் தொங்கித் தின்றிருக்கிறது. பக்கத்தில் சக்கையை மென்று துப்பிய உருண்டைகளும் இருக்கும். கடித்த பழத்தைச் சாப்பிடக் கூடாது, கீழே கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுக்கவும் கூடாது. மதில்மேலோ மொட்டை மாடியிலோ முழு விதைகள் நிறைந்த எச்சம் இருந்தால் மரநாயாக இருக்க வாய்ப்பு அதிகம். தென்னைக்கோ பழைய கட்டடத்துக்கோ அடியில் சாம்பல் நிறத்தில், மயிரும் எலும்பும் சுருண்ட உருண்டை கிடைத்தால் ஆந்தை கக்கியது. குச்சியால் பிரித்தால் எலி மண்டையோடு முழுசாகக் கிடைக்கும். குழந்தைகளுக்கு இதைக் காட்டுங்கள், மறக்க மாட்டார்கள்.

ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரித்தது போல அரைவட்ட வெட்டு இருந்தால் பூச்சிமருந்தை எடுக்காதீர்கள். இலைவெட்டித் தேனீ தன் முட்டை அறைக்குச் சுவர் கட்ட எடுத்துப் போனது, செடிக்கு ஒன்றும் ஆகாது. கொய்யாவின் பெரிய இலை நூலால் தைத்தது போல் சுருண்டிருந்தால் தையல்சிட்டின் கூடாக இருக்கலாம். மாமரத்தில் இலைகளை ஒட்டிப் பந்து போலக் கட்டியிருப்பது முசுறு எறும்பு. அந்த எறும்புக்கூட்டத்தில் ஒன்று மட்டும் முன்காலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நடந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. விரலை அருகில் கொண்டுபோனால் நூலில் தொங்கிக் குதித்துவிடும்.

மழை படாத திண்ணையோர மணலில் சின்னச் சின்னப் புனல் குழிகள் இருந்தால் குழியானை. எறும்பு சறுக்கி விழுவதற்காக அடியில் காத்திருக்கும்.

இருட்டிய பிறகு

வாரம் ஒருநாள் ராத்திரியில் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். மூடிய காலணி கட்டாயம். டார்ச்சைக் கையில் தாழ்த்திப் பிடிக்காமல் நெற்றிப் பொட்டருகே, கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். புல்லில் பனித்துளி போலப் பச்சையாக மின்னும் புள்ளியை நோக்கி நடந்தால் அது ஓநாய்ச் சிலந்தியின் கண். விளக்கைத் தாழ்த்தினால் அந்த மினுமினுப்பு தெரியாது. துணி காயும் கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பின்னால் ஒரு பல்பு எரியவிட்டால் அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் வந்து உட்காரும். ஒரு மணி நேரத்தில் அணைத்துவிடுங்கள், அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

பாம்பு பற்றிக் கொஞ்சம் நிதானமாக

தோட்டம் என்றால் பாம்பும் உண்டு. சாரை, நீர்க்கோலி, பச்சைப்பாம்பு, கொம்பேறி மூக்கன் என்று அடிக்கடி காண்பவற்றில் எதனாலும் நம் உயிருக்கு ஆபத்தில்லை. உயிருக்கு ஆபத்தானவை பெரும்பாலும் நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். ஆனால் பார்க்கக் கட்டுவிரியன் போலவே இருக்கும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் கட்டுவிரியனையும் பிரிப்பது புதியவர் வேலையே இல்லை. எந்தப் பாம்பானாலும் நான்கைந்து எட்டு பின்னால் போய் நில்லுங்கள், அதற்குப் போக வழிவிடுங்கள். வீட்டுக்குள் புகுந்தால் தீயணைப்புத் துறைக்கு 101க்குச் சொல்லுங்கள். அடிக்கவும் பிடிக்கவும் முயலும்போது கடிபடுவதே அதிகம்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் கடிக்கும், வலியும் தடமும் தெரியாமல் போகலாம். அதனால் தரையில் படுப்பவர்கள் கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொள்வது நல்லது. விறகு, ஓடு, செங்கல் அடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

அரணை கடித்தால் மரணம் என்பது பழமொழியில் மட்டும்தான். அரணைக்கு நஞ்சே கிடையாது. பார்த்தவுடன் அடித்துக் கொல்லப்படும் இந்தப் பாவப்பட்ட பிராணி உங்கள் தோட்டத்துப் பூச்சிகளைத் தின்று வாழ்கிறது.

வரவழைப்பது எப்படி

தண்ணீர்தான் முதலில். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, நடுவே ஒரு கல் வையுங்கள். ஆழமாக இருந்தால் சின்னப் பறவை இறங்காது, தேனீ மூழ்கும். தினமும் கொட்டித் தேய்த்து மாற்றினால் கொசுவுக்கும் இடமில்லை. பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்து, ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள். சருகு கிடந்தால் தேரை, அரணை, மண்புழு எல்லாம் வரும். அவற்றைத் தேடிச் செம்போத்தும் கொண்டலாத்தியும் வரும். மார்கழியில் சருகைக் கூட்டி எரிப்பதை மட்டும் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். செடி வைக்க இடமிருந்தால் முருங்கை, செம்பருத்தி, இட்லிப்பூ, கொய்யா வையுங்கள். மாடித் தொட்டியில் எலுமிச்சை ஒன்று போதும். தானியம் கொட்டிப் பழக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை, முக்கால்வாசி புறாக்களுக்கே போகும்.

கூடு தெரிந்தால் தள்ளியே நில்லுங்கள். கிளையை விலக்கிப் படம் எடுத்தால் காக்கைக்கு வழிகாட்டியது போலாகும். சிறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது தொலைந்த குஞ்சு இல்லை, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், பூனையை மட்டும் விரட்டுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாதத்துக்கு ஏற்ப

புரட்டாசி, ஐப்பசியில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். பல நிறங்கள் கலந்த ஆறுமணிக்குருவி அப்போது களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களில் இறங்கும். விழுந்து கிடந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தவளைக் கச்சேரி. தையில் மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் தட்டுப்படும். சித்திரை, வைகாசியில் ஆண் ஓணான்கள் தொண்டை சிவந்து தலையை ஆட்டிச் சண்டைக்கு நிற்கும்.

எழுதி வையுங்கள்

தேதி, நேரம், வானிலை, எங்கே, என்ன செய்தது என்று ஒரு வரி. பெயர் தெரியாவிட்டால் வர்ணனை மட்டும் எழுதலாம். பூச்சி, சிலந்தி, செடிகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படம் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். பறவைகளுக்கு, பார்த்தவற்றைப் பட்டியலாகப் பதிவு செய்யும் இ-பேர்ட் என்ற தளம் இருக்கிறது. அதில் ஒரு பட்டியல் போட்டுப் பழகப் பொங்கல் விடுமுறை நல்ல சமயம்: 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள், 1998இல் அமெரிக்காவில் தொடங்கி இப்போது உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் இல்லை. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு பதிவு செய்ய வேண்டும். காக்கையையும் மைனாவையும் சேர்த்தே எண்ணுங்கள். சாதாரணப் பறவைகளை யாரும் எண்ணி வைக்காததால்தான் சிட்டுக்குருவி எப்போது எங்கே குறைந்தது என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.